முப்பத்தெட்டாம் பக்கத்து ஆமா

மார்ச் 3

சின்னு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அம்மாவின் முழங்கால் வலிதான் எங்கள் எல்லோரையும்விடச் சுறுசுறுப்பாக இருக்கிறது.

"போன்ல கேட்டா ரெண்டு நிமிஷம். இதுக்குப் போயி ஒரு கடுதாசியா?" என்று அவள் திட்டுகிறாள். நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு வருகிறவளுக்குச் சாயங்காலம் என் பேச்சு வேறா என்று நீ சொன்னது நியாயம்தான். கடிதம் என்றால் நான் அறுக்கிற இடத்தை நீ தாண்டிப் போய்விடலாம்.

ஆமா, வக்கீல்களுக்குச் சாட்சிகள் பேச்சை அச்சடித்துக் கொடுக்கிற உங்கள் கம்பெனி மாதாமாதம் ஒரு தாள் போடுமே, ஒரு பக்கம் ஆபீஸ் செய்தி, மறுபக்கம் சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு யோசனை என்று, அதில் ஒன்று அனுப்பு. எனக்கில்லை. கூட வேலை பார்க்கிற ஒருத்தருக்கு. ஏதோ வழக்காம். வக்கீல் ஆபீஸில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்களாம். பக்கத்திலேயே ஒரு அம்மா சின்ன மெஷினில் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே இருப்பாராம். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. நான் போய்த் தைரியம் சொன்னேன். அதற்குப் பிறகு அவருக்குத் தண்ணீரும் இறங்கவில்லை.

கிடங்கில் வேலை எப்போதும்போல. லிஃப்டில் மேலே போகிறேன், கீழே வருகிறேன். இருபத்தாறு வருஷம் ஏறியும் வாழ்க்கையில் நான் மேலே போகவில்லை என்று உன் மாமா சொல்லிச் சிரிக்கிறார். அவர் மட்டும் என்ன, நாலாவது படியிலேயே மூச்சு வாங்குகிறவர்.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

தாள் உள்ளே இருக்கிறது. செய்திப் பக்கத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாவது மாடிக்கு மாறிவிட்டோம். எங்கள் சுருக்கெழுத்தாளர்களில் ஒருவர் நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது வார்த்தை அடித்து, தேர்வில் முதலாவதாக வந்திருக்கிறார். நாங்கள் அவரை மழை அக்கா என்போம். அவர் விரல் விழுகிற சத்தம் அப்படி.

யோசனைப் பக்கம் நான் எழுதியது. இடம் போதாமல் விட்டதையும் சேர்த்து உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். தலையை ஆட்டக் கூடாது, மெஷினுக்குத் தலை தெரியாது. 'ம்' வேண்டாம், 'ம்ஹூம்' வேண்டாம், தாளில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கேள்வி முடிகிறவரை காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒருவர் பேச்சு காணாமல் போகும், அது பெரும்பாலும் சாட்சியுடையதுதான். 'இவ்வளவு நீளம்' என்று கையை விரிக்கக் கூடாது, எத்தனை அடி என்று சொல்ல வேண்டும். நக்கல் அறவே கூடாது. "ஆமாய்யா, நான்தான் ராஜா" என்று அவர் சொன்னால் தாளில் அவர் ராஜா ஆகிவிடுவார்.

பிறகு அச்சடித்த பிரதி ஒன்று அவருக்கு வரும். வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் திருத்தம் சொல்லலாம். அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் முடியாது.

நேராகவே கேட்டுவிடுகிறேன் அப்பா. அந்த நண்பர் நீங்கள் இல்லையே? சொந்தக்காரர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் நாங்கள் முன்கூட்டியே ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் காகிதத்தை எங்கள் கை தொடக் கூடாது. அதனால்தான் கேட்கிறேன்.

சின்னு

மார்ச் 20

சின்னு,

நானா? என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் நீதிபதி இறங்கி ஓடிவிட மாட்டாரா? வீணாக மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே.

நேற்று முன்தினம் அவர் போய்விட்டு வந்தார். நாலு மணி நேரமாம். தலையை ஆட்டிவிடக் கூடாது என்று கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். "கழுத்து வலியா?" என்று வக்கீல் கேட்டாராம். இவர் அதற்கும் தலையைத்தான் ஆட்டினாராம்.

எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தடித்த கண்ணாடி, குரல் மட்டும் தேன். ஒரே கேள்வியை ஒன்பது விதமாகத் திருப்பிப் போட்டுக் கேட்டாராம். தட்டுகிற அம்மா நல்ல மாதிரியாம். "மெதுவா பேசுங்க சார், நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்" என்றாராம்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று என்கிறார். ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் கோபம் வந்துவிட்டதாம். அதுவும் பெரிதில்லையாம். ஆனால் எனக்கு அவரை நினைத்து நினைத்து இரண்டு நாளாக எதிலும் மனசு ஓடவில்லை. அடுத்தவனுக்காக இப்படி உருகுகிறவன் என்று நானே என்னைப் பற்றி இத்தனை நாள் தெரிந்துவைத்திருக்கவில்லை.

ஆமா, அங்கே புது மாடியில் காற்று வருகிறதா?

அப்பா

மார்ச் 28

அன்புள்ள அப்பா,

அப்பாடா என்று இருந்தது உங்கள் கடிதம். நீங்கள் இல்லையென்று தெரிந்த பிறகுதான் ஒழுங்காக வேலை ஓடுகிறது.

வேலை தலைக்கு மேல். போன வாரம் ஒரு அவசரப் பிரதி, ஒரே நாளில் வேண்டுமென்று. பிழை பார்க்க எங்கள் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பெயர், வழக்கு எண் எல்லாம் முதல் தாளில் இருக்கும், அது கடைசியில்தான் வந்து சேரும். எங்கள் கைக்கு வருவது வினா, பதில், வினா, பதில், அவ்வளவுதான். எனக்கு முப்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து அறுபது வரை. யார், என்ன என்று சொல்லக் கூடாது. சொல்ல எனக்குத் தெரியவும் தெரியாது. இது ஒன்றை மட்டும் உங்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஆள் வாயைத் திறந்தால் ஆமா. ஆமாவுக்குப் பின்னால் ஒரு ரயில் நீளத்துக்குப் பேச்சு, நடுவில் வெறும் கமா. கேள்விக்கு 'ஆமா', 'இல்லை' என்று பதில் வந்தால் அதோடு புள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். நான் பாட்டுக்குக் கமாவை அழித்துப் புள்ளி, கமாவை அழித்துப் புள்ளி. மூன்று பேரில் நான்தான் முதலில் முடித்தேன். பெரிய மேடம் வந்து முதுகில் தட்டிக் கொடுத்தார்.

உங்கள் நண்பருக்குப் பிரதி வந்ததா?

சின்னு

ஏப்ரல் 6

சின்னு,

இந்தக் கடிதத்தை நான் நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழித்தால் வீட்டில் தாள் இல்லை.

அந்த ஆள் நான்தான்.

ஜனவரி கடைசியில் நடந்தது. இரண்டாவது மாடியில் ஒரு மூன்று கதவு அலமாரியை லிஃப்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நான் உள்ளே, நெட்டை வெளியே. நெட்டையை உனக்குத் தெரியும், கிடங்கில் சுமை ஏற்றுகிற பையன், உன் ஸ்கூல் சர்டிபிகேட்டை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தானே, அவன். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் அசையக் கூடாது. அன்றைக்கு அசைந்தது. சட்டென்று அரை அடி கீழே இறங்கியது. அலமாரிக்கும் கதவு நிலைக்கும் நடுவில் அவன் வலது கை. மூன்று விரல் நசுங்கிவிட்டது.

அந்தக் கதவு சரியில்லை என்று நான் மேனேஜரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். "பாத்துக்கலாம்யா" என்றார். இப்போது நெட்டை கம்பெனிமேல் வழக்குப் போட்டிருக்கிறான். லிஃப்டில் கோளாறே இல்லை, உள்ளே நின்றவன் பொத்தானை அமுக்கிவிட்டான் என்கிறது கம்பெனி. உள்ளே நின்றவன் உன் அப்பன்.

உன்னிடம் சொல்லிவிடு என்று அம்மா தினமும் சொன்னாள். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவந்துவிடுவாயே என்று மறைத்தேன். இப்போது பிரதி வந்திருக்கிறது. எல்லாம் சரி, முப்பத்தெட்டாம் பக்கத்தைத் தவிர. அப்படியே எழுதுகிறேன்:

வி: பச்சைப் பொத்தானை அமுக்கியது நீங்கள், அப்படித்தானே?
ப: ஆமா. யாரு உங்ககிட்ட அப்படிச் சொன்னது?

நான் அப்படிச் சொல்லவே இல்லை சின்னு. சொன்னேன், ஆனால் இப்படி இல்லை. "ஆமா, யாரு உங்ககிட்ட அப்படிச் சொன்னது?" என்று கோபமாகக் கேட்டேன். 'அது கிடக்கட்டும், இதைச் சொல்லு முதல்ல' என்கிற ஆமா. எனக்கு வாயைத் திறந்தால் அதுதானே வரும், உனக்குத் தெரியாதா? இதைப் படித்தால் நான் அமுக்கிவிட்டு, மாட்டிக்கொண்டதும் காட்டிக்கொடுத்தவன் யாருடா என்று விசாரிக்கிற மாதிரி இருக்கிறது.

இது நின்றால் நெட்டைக்குக் கம்பெனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லையாம். அவன் வக்கீல் சொன்னார். கைக்கு இன்னும் இரண்டு ஆபரேஷன் பாக்கி. நான் கிடங்கு வாசலைக்கூட மிதிக்க முடியாது. அதுவும் போகட்டும். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அச்சில் வேறு இருக்கிறதே. ஒருவேளை நான் அமுக்கித்தான் விட்டேனா? கண்ணை மூடினால் என் விரல் பச்சைப் பொத்தானில் இருக்கிற மாதிரியே தெரிகிறது.

கடைசித் தாளில் உங்கள் ஆபீஸ் முத்திரை. நீ போய் யாரிடமாவது சொல்லி அந்தப் புள்ளியை எடுத்துவிட முடியுமா? ஒரு புள்ளிதானே.

அப்பா

ஏப்ரல் 10

அப்பா,

முப்பத்தெட்டு. எனக்கு வந்தது முப்பத்தொன்றிலிருந்து அறுபது. என் போன கடிதம் உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று நான் பழைய பக்கங்களைத் திறக்கவில்லை. இனி திறக்கக் கூடாது. ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து தட்டிய எங்கள் மழை அக்கா கமாதான் போட்டிருந்தார். பக்கத்தில் இருந்து கேட்டவர், அவருக்குத் தெரியாதா? அவசரத்தில் ஒலிநாடாவைக் காதில் மாட்டிக் கேட்காத நான், கண்ணால் மட்டும் பார்த்து, விதியைக் காட்டிப் புள்ளி வைத்தேன். வைத்துவிட்டு அதைப் பெருமையாக உங்களுக்கே எழுதினேன்.

அந்தப் பக்கங்களில் லிஃப்ட் என்ற வார்த்தையே இல்லை. பெட்டி, பெட்டி என்றே இருந்தது. கிடங்கில் லிஃப்டைப் பெட்டி என்பீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வீட்டில் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறீர்களா? ஏதோ மூட்டை முடிச்சு வழக்கு என்று நினைத்தேன். இது சமாதானம் இல்லை என்று தெரியும். பிறந்ததிலிருந்து அந்த ஆமாவைக் கேட்டு வளர்ந்தவள். "ஆமா, பல் தேச்சியா?" "ஆமா, ஸ்கூல்ல இன்னிக்கு என்ன?" அதுவே தாளில் வந்தபோது அந்நியன் பேச்சு மாதிரி இருந்தது. அவரை நினைத்துச் சிரிக்கவும் சிரித்தேன்.

ஆனால் நான் கேட்டேன் அப்பா. நேராகக் கேட்டேன், அந்த நண்பர் நீங்கள் இல்லையே என்று. ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் அந்தக் கட்டு என் மேஜைக்கே வந்திருக்காது. நீதிபதி இறங்கி ஓடுவார் என்று ஜோக் அடித்தீர்கள்.

கோபத்தை இத்தோடு நிறுத்துகிறேன். செய்ய வேண்டியது: உங்களுக்கு வந்த கட்டின் கடைசியில் திருத்தப் பட்டியல் என்று ஒரு தாள் இருக்கும். பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது, காரணம் என்று ஐந்து கட்டம். நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வக்கீல் ஆபீஸில் கொடுக்க வேண்டும். அங்கே பேசியது ஒலிநாடாவிலும் பதிவாகியிருக்கிறது. நீங்கள் திருத்தம் கேட்டால் அதைப் போட்டுப் பார்ப்பார்கள்.

நான் பெரிய மேடத்திடம் சொல்லப் போகிறேன். எப்போது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக அவர் அறைக் கதவு வரை போய்விட்டுத் திரும்பிவருகிறேன்.

சின்னு

ஏப்ரல் 13

சின்னு,

சொல்லாதே.

கடிதம் வந்ததிலிருந்து அம்மாவும் நானும் ஒரே பேச்சுத்தான். அவள் உன் பக்கம். அவள் எப்போதும் உன் பக்கம், அது வேறு கதை. நான் சொல்வதைக் கேள். எனக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை, உனக்கு முப்பது வருஷம். என்னைத் தூக்கினால் நான் வீட்டில் உட்கார்ந்து உன் அம்மாவின் வசவைக் கேட்டுக்கொண்டிருப்பேன், இப்போதும் அதைத்தான் செய்கிறேன். உன்னைத் தூக்கினால்? சொந்த அப்பன் வழக்கில் கைவைத்தவள் என்று பேரோடு அனுப்பினால் வேறு எவன் உன்னைச் சேர்ப்பான்?

அதுவும் இதைக் கேள். எதிர்க்கட்சி வக்கீல் என்ன சொல்வார்? அப்பனைக் காப்பாற்ற மகள் நாடகம் ஆடுகிறாள் என்பார். உன் உண்மை அவர் கையில் பொய்யாகிவிடும்.

அந்தத் தாளைப் பார்த்தேன். காரணம் என்கிற கட்டம் இரண்டு விரல் அகலம்தான் இருக்கிறது. 'தட்டச்சுப் பிழை' என்று எழுதிவிடுகிறேன். இரண்டே வார்த்தை. ஒலிநாடாவைக் கேட்பார்கள், கமா திரும்பி வரும், உன் பேர் எங்கும் வராது. யாருக்கு என்ன நஷ்டம்?

நெட்டையைப் பார்க்கப் போகவில்லை. அவன் தெருவரை போனேன். முனைக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்து "அமுக்கினீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டால், இந்த நிலைமையில் என் வாயிலிருந்து என்ன வருமோ.

பதில் உடனே போடு. சொல்லவில்லை என்று போடு.

அப்பா

ஏப்ரல் 19

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன்.

பெரிய மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். "உங்கப்பாதான்னு எப்போ தெரியும்?" என்றார். தேதியைச் சொன்னேன். "அதுக்கு முன்னாடி?" என்றார். கேட்டேன், இல்லையென்று எழுதினார் என்றேன். உங்கள் கடிதங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாமா படி ஏறுகிறது உள்பட எல்லாவற்றையும் படித்தார். ஒரு இடத்தில் சிரித்த மாதிரி இருந்தது, நிச்சயமாகத் தெரியவில்லை.

வழக்கு முடிகிறவரை பிரதி எதையும் நான் தொடக் கூடாது. கீழ்த்தளத்தில் பழைய கட்டுகளுக்கு எண் ஒட்டுகிறேன். முடிந்த பிறகு என்னை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார்களாம். இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் ஆபீஸே கடிதம் அனுப்பிவிட்டது. ஒலிநாடாவை வெளி ஆள் ஒருவர் கேட்டு எழுதிக் கொடுப்பார். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்கள். தட்டச்சுப் பிழை என்றால் தட்டியவர் பிழை. தட்டியவர் மழை அக்கா. இத்தனை வருஷத்தில் அவர் பேரில் ஒரு பிழை ஏறியதில்லை. நேற்று அவர் கீழே இறங்கி வந்தார். நான் எழுந்து நின்றேன். "உங்கப்பா கழுத்தைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தார்மா, பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா தலையில் இதை ஏற்றிவிட்டு என்னால் அந்தக் கட்டிடத்தில் சாப்பிட முடியாது.

அந்த இரண்டு விரல் கட்டத்தில் என்ன எழுத வேண்டுமோ அதை எழுதுங்கள். முப்பது நாள் மே ஐந்தாம் தேதியோடு முடிகிறது. தபாலை நம்பாதீர்கள், நேரில் போங்கள்.

ராத்திரி சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பாதி உண்மை.

சின்னு

ஏப்ரல் 27

சின்னு,

நேற்று போனேன். அம்மாவும் வந்தாள், முழங்காலோடு. நான் வழியில் மனசு மாறிவிடுவேன் என்று காவலுக்கு.

வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் நெட்டை உட்கார்ந்திருந்தான். வேறு ஏதோ கையெழுத்துக்கு வந்திருக்கிறான், இடது கையால் போடப் பழகிவிட்டானாம். திரும்பி ஓடலாம் என்று பார்த்தேன், பின்னால் உன் அம்மா நின்றாள்.

"என்ன அண்ணே, தெருமுனை வரைக்கும் வந்துட்டு டீ குடிச்சிட்டுப் போறீங்க? எங்க வீட்ல டீ இல்லையா?" என்றான். கடைக்காரன் சொல்லியிருக்கிறான்.

"டேய், நான் அமுக்கினேனாடா?" என்று கேட்டே விட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீங்க எப்படி அமுக்குவீங்க? உங்க ரெண்டு கையும் அலமாரிக்கு அடியில இருந்துச்சு. 'மெதுவா, மெதுவா, உன் கையைப் பாத்துக்க'ன்னு நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க. அந்த நேரத்துல பொத்தானை அமுக்கணும்னா மூக்காலதான் அமுக்கியிருக்கணும். உங்க மூக்குக்கு அதுவும் முடியும், இல்லேங்கல" என்றான்.

உன் அம்மா சிரித்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒலிநாடா கேட்ட ஆள் எழுதிக் கொடுத்தது வந்துவிட்டதாம். குரல் நிற்கவில்லை, ஆமாவும் அடுத்த வார்த்தையும் ஒரே மூச்சில் வருகின்றன என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் நீதிபதி அதை ஏற்பாரா என்பது மே ஆறாம் தேதிதான் தெரியும் என்று குமாஸ்தா சொன்னார். எதிர்க்கட்சி வக்கீல் உன் சங்கதியை விடமாட்டாராம். உன்னையே கூப்பிட்டு விசாரிக்கக் கேட்டாலும் கேட்பாராம். மனசைத் தயார் செய்துகொள். நானும் செய்துகொண்டிருக்கிறேன், வரவில்லை.

தாளை நிரப்பினேன். முப்பத்தெட்டாம் பக்கம், ஒன்பதாம் வரி. இருப்பது புள்ளி, இருக்க வேண்டியது கமா. காரணம் வந்ததும் குமாஸ்தா, "தட்டச்சுப் பிழைன்னு போடுங்க சார், எல்லாரும் அதைத்தான் போடுவாங்க" என்றார். "எல்லாருக்கும் எங்க வீட்டு மாதிரி பொண்ணு இல்ல தம்பி" என்றாள் உன் அம்மா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் இப்படி எழுதினேன்: 'அந்த ஆபீஸில் பிழை பார்ப்பது என் மகள். நான் சாட்சி சொல்லப் போவதை அவளிடம் மறைத்தேன். கேட்டபோது பொய் சொன்னேன். அதனால் இது என் பேச்சு என்று தெரியாமல் கமாவைப் புள்ளி ஆக்கிவிட்டாள். தெரிந்ததும் தானே போய்ச் சொன்னாள். தட்டிய அம்மாமேல் தப்பில்லை.' கட்டம் போதவில்லை. ஓரமெல்லாம் ஓடி, தாளின் பின்பக்கம் வரை போய்விட்டது. குமாஸ்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

கீழே கையெழுத்துப் போட்டேன். சாட்சி சொன்ன அன்று நான் போட்ட பழைய கையெழுத்தையும் இதையும் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே ஆளோடதா சார்?" என்றார். எழுத்து புழு மாதிரி நெளிந்திருக்கிறது. அதற்குக் காரணம் எழுத அங்கே கட்டம் இல்லை.

அப்பா